அவள் கேட்காத பாட்டு

மதியச் சாப்பாட்டு மணி அடித்ததும், பஸ் பணிமனை மெக்கானிக் கிரீஸ் கைகளைத் துடைத்துக்கொண்டு மகளின் போனை எடுத்தார். அவள் போய்ப் பதினோரு மாதம் ஆகிறது. காய்ச்சல் என்று படுத்தவள், நாலாம் நாள் இல்லை. போனுக்கு அந்த விஷயம் தெரியாது. வெள்ளிக்கிழமை தவறாமல், உனக்குப் பிடிக்கும் என்று புதுப் பாட்டுகளை அவள் பேருக்கு அனுப்பிக்கொண்டே இருந்தது.

அவள் இருந்தவரை அவருக்கு இதெல்லாம் ஆகவே ஆகாது. "தகரத்துல கல்லைக் கொட்டுற மாதிரி இருக்கு, குறைம்மா" என்பார். "ஒரே ஒரு தடவை கேளுப்பா" என்று அவள் இயர்போனை நீட்டினால், வேலை இருக்கிறதென்று நழுவிவிடுவார். இப்போது வாராவாரம் உட்கார்ந்து கேட்கிறார். பெரும்பாலும் ஒன்றும் பிடிபடாது.

அன்று வந்தது ஒரு ராக் குழு. கிடார் கரகரவென்று எழுந்தது. டிரம் இடியாக விழுந்தது. தொண்டை கட்டிய ஒரு பெண் அடிவயிற்றிலிருந்து பாடினாள். பழைய காலத்து ராக் மாதிரி, பூச்சும் மெருகும் இல்லாத சத்தம். பாடுகிறவள் மூச்சு வாங்குவதுகூடக் கேட்டது. மூடியைக் கழற்றிவிட்டு ஓடவிட்ட இன்ஜின். இது அவருக்குப் புரிந்தது. சாப்பாட்டு டப்பாவைத் திறக்காமலே மூன்று முறை கேட்டார். மகள் கேட்டிருந்தால் குதித்திருப்பாள். எப்போது வெளிவந்தது என்று பார்த்தார். போன வாரம்.

எழுந்துபோய் ஒரு பஸ்ஸுக்கு அடியில் படுத்துக்கொண்டார். அங்கே அவருக்கு வேலை எதுவும் இல்லை.

சாயங்காலம் மனைவி துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

"ஒரு பாட்டு கேக்கறியா?"

"அவளோடதா?"

"இல்ல, அவ கேக்காதது. இப்பத்தான் வந்திருக்கு. கேட்டிருந்தா வீட்டையே ரெண்டாக்கியிருப்பா."

மனைவி கையிலிருந்த போர்வையையே பார்த்தாள். "அவ கேக்காதத நாம மட்டும் கேட்டு என்னங்க பண்றது?"

அவர் போனைப் பையில் போட்டுக்கொண்டு எழுந்தார்.

"எங்க போறீங்க? போடுங்க."

இயர்போனை நீட்டினார். அவள் தலையை ஆட்டினாள். "காதுல வேண்டாம். அவ எப்படிப் போடுவாளோ அப்படிப் போடுங்க."

மகளின் அறையைத் திறந்தார்கள். ஸ்பீக்கரில் தூசி படிந்திருந்தது. ஒலியைக் கூட்டும் குமிழ் அவள் விட்டுப்போன இடத்திலேயே நின்றது. அவர் அதைத் தொடவில்லை.

பாட்டு வெடித்ததும் மனைவிக்குத் தூக்கிவாரிப் போட்டது. கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து போர்வையை இறுகப் பிடித்துக்கொண்டாள். பக்கத்து வீட்டுக்காரர் சுவரைத் தட்டினார்; பிறகு ஓங்கித் தட்டினார். இருவரும் அசையவில்லை. சமையலறையில் கவிழ்த்து வைத்திருந்த டம்ளர்கள் அதிர்ந்து, ஒன்றோடொன்று உரசிக் கிணுகிணுத்துக்கொண்டிருந்தன.