பன்னிரண்டாவது பெட்டி

1.

இந்தக் கதை எனக்குக் கெலிஓயாவில் ஒரு பழைய சாமான் கடையில் கிடைத்தது. வாங்கிய ரேடியோப் பெட்டியோடு ஒட்டிக்கொண்டு வந்துவிட்டது. [பேரம் பேசியிருக்கக் கூடாது.]

முதலில் இப்படித் தொடங்கினேன்: “1936இல், கண்டியில் மக்கீனும் ராஜலிங்கமும் கூட்டாக நடத்திய ரேடியோத் தொழிற்சாலையைக் கொழும்புக் கம்பெனி ஒன்று வாங்கி, இரண்டாகப் பிரித்து, மரவேலைப் பகுதியை வேறொருவருக்கு விற்று…”

அடித்துவிட்டேன், கம்பெனி அறிக்கை மாதிரி இருந்தது. ஆனால் நடந்தது அதுதான். பெரிய பங்கு ராஜலிங்கத்துடையது, கையெழுத்துப் போட்டார். மக்கீன் கடைசிவரை மாட்டேன் என்றார். அந்த வாரமே நெஞ்சடைத்து மௌத்தானார்.

2.

கறுப்பையா மஹய்யாவக்காரன். (முதல் பிரதியில் அவனைக் கோழையாக எழுதினேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.) செய்து முடித்த பெட்டிகளைச் சோதிப்பது அவன்தான். பின்னறையில் இருந்த சின்ன ஒலிபரப்பு யந்திரத்தில் மக்கீன், “கறுப்பையா, கேக்குதா?” என்பார். இவன், “கேக்குது நானா!” என்று சுவர் அதிரக் கத்திவிட்டு, பெட்டிக்குள் வெண்கட்டியால் ஒரு கோடு போடுவான். பதில் சொல்லாமல் கோடு இல்லை. கோடு இல்லாமல் பெட்டி வெளியே போகாது.

3.

பின்னறை யந்திரத்தைக் கம்பெனி ரயிலில் ஏற்றிவிட்டது. மிச்சம் பன்னிரண்டு பெட்டிகள்.

“கொழும்பு ரேடியோ நிலையத்தைப் பிடிச்சுப் பார், அதுவே காணும்,” என்றார் ராஜலிங்கம். “பன்ரண்டும் இண்டைக்கு முடிஞ்சாத்தான் உனக்குக் கொழும்புக் கம்பெனியிலை வேலை.”

வீட்டில் மனைவி வீரம்மாவுக்கு ஐந்தாம் மாசம். வேலை போனால் தேயிலைத் தோட்டத்து லயத்து அறைக்குத்தான் திரும்ப வேண்டும்.

காலை பத்து மணி, நல்ல வெயில். முதல் பெட்டியைத் திருகினான்.

“கறுப்பையா, கேக்குதா?”

“கேக்குது நானா!”

கோடு. அடுத்த பெட்டி. கை பழகிய வேலை, வாய் பழகிய பதில். பதினொரு கோடு போட்ட பிறகுதான், வெள்ளிக்கிழமை மக்கீன் நானாவை அடக்கும்போது மையவாடியில் நின்றது அவனுக்கு நினைவு வந்தது.

பின்னறைக்கு ஓடினான். அங்கே மேசைகூட இல்லை. பதில் வாங்கிய பெட்டிகளைத் திரும்பத் திருகினான். அவற்றில் கொழும்புப் பாட்டு மட்டும் வந்தது. பன்னிரண்டாவதில்தான் நானா மிஞ்சியிருந்தார்.

“கறுப்பையா, கேக்குதா?”

4.

அ) “கேக்குது” என்கிறான். வேலை கிடைக்கிறது. நானா போய்விடுகிறார்.

ஆ) வாயைப் பொத்திக்கொள்கிறான். வேலை போகிறது. நானா இருக்கிறார்.

இ) ராஜலிங்கம் வந்து தானே பதில்… [வேண்டாம். அந்த மனுஷருக்கு அது கேட்கவே இல்லை.]

எனக்கு முதலாவதுதான் பிடித்தது. பிள்ளை பிறக்கப்போகிற வீடு. அப்படியே எழுதியும் முடித்தேன். பிறகு என் மேசையிலிருந்த பெட்டியின் பின்பலகையைக் கழற்றிப் பார்த்தேன். உள்ளே கோடு இல்லை.

அடப் பாவி கறுப்பையா, லயத்துக்கா போனாய்?

5.

என் பெட்டியில் வால்வு இல்லை, வயரும் இல்லை. இருந்தும், இதை எழுதத் தொடங்கிய நாளிலிருந்து அது “கறுப்பையா, கேக்குதா?” என்று கேட்டுக்கொண்டிருக்கிறது. எனக்குப் பயமாக இருக்கிறது. நான் கறுப்பையா இல்லை என்று சும்மா இருந்துவிட்டேன். ஆனால் நேற்றிலிருந்து அது பெயர் சொல்வதில்லை. “கேக்குதா?” என்று மட்டும் கேட்கிறது.

வெண்கட்டி வாங்கி வைத்திருக்கிறேன். சொன்னால் அந்த மனுஷர் போய்விடுவார், சொல்லாவிட்டால் இருப்பார். முடிவை உங்களிடம் விடுகிறேன். யோசித்துச் சொல்லுங்கள். கறுப்பையா பதினொரு தடவையும் யோசிக்காமல்தான் சொன்னான்.