ஆறாவது ஆள்

அந்த வருஷம் ஜனாதிபதி தேர்தலுக்கு எங்கள் கட்சியில் வேட்பாளராக ஐந்து பேர் முண்டியடித்தார்கள். ஐந்தும் ஐந்து ரகம், ஒன்றும் உருப்படியில்லை. செனட்டர் வாயைத் திறந்தால் மூட மாட்டார். கடை கடையாக வைத்துக் கோடீஸ்வரியான அம்மாளுக்கு எங்கள் அயோவாவில் சோளம் எந்த மாதம் விதைப்பார்கள் என்றுகூடத் தெரியாது. ஒரு இளவட்ட மேயர், கடை வாசனை போகாத புது பூட்ஸோடு எங்கள் கொட்டகைக்குள் வந்து, பன்றி உறுமியதும் வந்த வழியே ஓடினார். நாலாவது, மூன்று தடவை நின்று மூன்று தடவையும் தோற்ற கிழவர். ஐந்தாவது ஏதோ ஒரு மலை மாநிலத்து கவர்னர். அவர் பேச்சு தூக்க மாத்திரை. ஊர் நூலகத்தில் அவர் பேசியபோது முன்வரிசையில் உட்கார்ந்து நான் குறட்டை விட்டேன் என்று என் சிநேகிதி லவோன் இன்றைக்கும் சொல்லிச் சிரிப்பாள்.

எரிகிற கொள்ளியில் எந்தக் கொள்ளி நல்ல கொள்ளி? அந்தக் குளிர்காலம் முழுக்க காப்பிக்கடையில் இதுதான் என் பாட்டு. விதை வியாபாரி டேரலும் அவன் கூட்டாளிகளும் மேஜையைத் தட்டிச் சிரிப்பார்கள். ஒரு நாள் வாய்க்கொழுப்பு மிஞ்சி, "இந்த அஞ்சு பேர்ல யாருக்காவது ஆதரவா நான் போய் நின்னேன்னா, அன்னையிலேர்ந்து என்னை ஆர்டிஸ்னு கூப்பிடாதே, கழுதைன்னு கூப்பிடு" என்று டேரலிடம் சவால் விட்டேன். நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். என் விஷயத்தில் கெட்டது நுணல் இல்லை, அதன் பக்கத்தில் இருந்தவள்.

ஜனவரி கடைசியில் ஒரு மத்தியானம் லவோன் எங்கள் வீட்டுக்கு வந்தாள். நானும் அவளும் ஒன்றாம் வகுப்பிலிருந்து ஒன்றாகப் படித்தவர்கள். அவள் பள்ளிக்கூடத்துச் சமையற்காரி. இருபத்திரண்டு வருஷமாகத் தட்டில் சோறு வைப்பவள், கூட்டத்தில் நின்று ஒரு வார்த்தை பேசியதில்லை. அன்றைக்குக் கோட்டைக்கூடக் கழற்றாமல், கவர்னருடைய துண்டுப் பிரசுரத்தை எடுத்து என் முன்னால் விரித்தாள்.

"நாலாம் பக்கம் பாரு. கீழே நாலு வரி."

சிறிய ஊர் ஆஸ்பத்திரிகளில் மூடிய பிரசவ வார்டுகளைத் திறக்க வேண்டும் என்று நாலு வரி இருந்தது. எங்கள் ஊர் வார்டை மூடி அப்போது இரண்டு வருஷம் ஆகியிருந்தது. அதற்கு முந்தின வருஷம் பனிப்புயலில் அவள் மகள் ஜெனெலுக்கு வலி கண்டு, நாற்பத்தெட்டு மைல் தள்ளியிருக்கிற ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியில், நெடுஞ்சாலை ஓரத்தில் கார் நின்றுவிட்டது. பெண் குழந்தை. ஜெனெல் பிழைத்தாள், குழந்தை பிழைக்கவில்லை.

"மத்த நாலு பேரு பேப்பரையும் வரி விடாம படிச்சேன். ஒருத்தரும் இதைப் பத்தி மூச்சு விடலை."

"அந்த ஆளு ஒரு மண்ணுமூட்டைடி."

"மண்ணுமூட்டைதான். ஆலை இல்லாத ஊருக்கு இலுப்பைப் பூ சர்க்கரை. நான் அவரைக் கல்யாணமா பண்ணிக்கப் போறேன்? நம்ம ஊர்க் கூட்டத்துல அவரு பக்கம் போதுமான ஆளு நின்னாங்கன்னா, அங்கேர்ந்து ஒருத்தரை மாவட்டக் கூட்டத்துக்கு அனுப்புவாங்க. போறவங்களை அங்க அஞ்சு நிமிஷம் பேச விடுவாங்க. நான் போறேன்டி ஆர்டிஸ். நான் பேசப் போறேன்."

ஐந்து நிமிஷப் பேச்சை ஒரு தாளில் எழுதி வைத்திருந்தாள். என் சமையலறையில் நின்றுகொண்டு படித்துக் காட்டினாள். முதல் வரியிலேயே குரல் உடைந்தது. மறுபடி ஆரம்பித்தாள். மூன்றாவது தடவை கடைசி வரை போனாள்.

"நாலு பேரைப் பிடிச்சுட்டேன். என்னோட அஞ்சு. ஆறாவது நீ வருவியா?"

"வராம?" என்றேன். "எனக்காக இல்ல, உனக்காக." சத்தியமாக மனதாரத்தான் சொன்னேன்.

எங்கள் மாநிலத்தில் கட்சி வேட்பாளரைத் தேர்ந்தெடுக்க ஓட்டுச் சீட்டு கிடையாது, ஆளேதான் ஓட்டு. ஊரார் ஒரு கூடத்தில் கூடி, யாருக்கு யாரைப் பிடிக்குமோ அவர் பெயர் ஒட்டிய மூலையில் போய் நிற்க வேண்டும். தலையை எண்ணுவார்கள். நூற்றுக்குப் பதினைந்து பேர் சேராத மூலை கலைந்துவிடும். கலைந்தவர்கள் வேறு மூலைக்குப் போக அரை மணி அவகாசம். பிறகு இன்னொரு தடவை எண்ணுவார்கள். அந்த இரண்டாவது எண்ணிக்கைதான் கணக்கு. முப்பது வருஷமாக நான் போகிறேன், இதெல்லாம் எனக்குத் தலைகீழ்ப் பாடம். எனக்குத் தெரியாமல் நடந்துவிட்டது என்று யாரும் நினைக்க வேண்டாம் என்பதற்காகச் சொல்கிறேன்.

பிப்ரவரி முதல் திங்கட்கிழமை, மாலை ஏழு மணிக்குப் பள்ளிக்கூடத்துச் சாப்பாட்டுக் கூடத்தில் நாற்பது பேர் கூடினோம். லவோன் தினமும் சோறு போடுகிற அதே கூடம். அன்றைக்கு ஏப்ரன் இல்லை, நீலத்தில் நல்ல உடுப்பு, தலை படிய வாரியிருந்தாள். தலைவர் ஹால்வர்சன், அறிவியல் வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர், மூலை மூலையாகப் போய் எண்ணினார். செனட்டருக்குப் பதினேழு. கோடீஸ்வரிக்குப் பத்து. மேயருக்கு நாலு. கிழவருக்குப் பூஜ்யம். "யாருக்கும் இல்லை" என்று எழுதி ஒட்டிய மூலையில் டேரலும் அவன் கூட்டாளிகள் இருவரும். கவர்னருக்கு ஆறு.

நாற்பது பேருக்கு ஆறு இருந்தால்தான் மூலை தேறும். ஒரு தலை குறைந்தாலும் போச்சு. லவோன் என் கையைப் பிடித்து அழுத்தினாள், அவள் கை வியர்த்திருந்தது.

அரை மணி அவகாசம் தொடங்கியதும் டேரல் கூடத்தைத் தாண்டி நேரே என்னிடம் வந்தான். முகமெல்லாம் பல்.

"அடடே, தூக்க மாத்திரை கம்பெனியில எப்ப வேலைக்குச் சேர்ந்தே?"

"போடா வேலையைப் பாத்துக்கிட்டு."

"கழுதைன்னு கூப்பிடணும்னு நீதானே சொன்னே? ஊரே கேட்டுதே!" என்றவன், திரும்பி, "கழுதை எந்த மூலையில நிக்குது பாத்தீங்களா!" என்று கூவினான். கூடமே சிரித்தது. ஹால்வர்சன்கூட மூக்குக்கண்ணாடியைத் துடைக்கிற சாக்கில் சிரித்தார். சுவரில் ஒட்டியிருந்த படத்திலிருந்து கவர்னரும் பல்லைக் காட்டினார். எனக்குக் காது மடல் வரை சூடேறியது. இந்த மண்ணுமூட்டைக்கா நான் மானத்தை விற்க வேண்டும் என்று ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது.

"காத்து வாங்கிட்டு வரேன்" என்று லவோனிடம் சொன்னேன்.

"சீக்கிரம் வந்துடுடி, எண்ணப் போறாங்க."

"அஞ்சே நிமிஷம்."

வெளியே குளிர் முகத்தில் அறைந்தது. என் வண்டியில் ஏறி, இஞ்சினைப் போட்டு, விளக்கைப் போடாமல் உட்கார்ந்தேன். ஐந்து நிமிஷம் ஆயிற்று. பத்து ஆயிற்று. இறங்கலாம் என்று கதவில் கை வைத்தேன், உள்ளே நுழைந்ததும் டேரல் கழுதை மாதிரி கனைப்பான் என்று தோன்றியது, கையை எடுத்துவிட்டேன். அவளாக வேறு ஒருத்தரைப் பேசிப் பிடித்துக்கொள்வாள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். நாலு பேரைப் பிடிக்க அவள் நாலு வாரம் நாயாக அலைந்தாள் என்பது எனக்குத்தானே தெரியும்?

கைபேசி ஒலித்தது. அவள் பெயர். எடுக்கவில்லை.

கொஞ்ச நேரத்தில் பள்ளிக்கூடத்து வாசல் கதவு திறந்தது. லவோன் கோட்டில்லாமல், அந்த நீல உடுப்போடு பனியில் இறங்கி நின்றாள். கையைக் கண்ணுக்கு மேல் வைத்து வண்டிகளைப் பார்த்தாள்.

"ஆர்டிஸ்!" என்று கூப்பிட்டாள். "ஆர்டிஸ்! எண்ணறாங்கடி!"

நான் இருக்கையில் சறுக்கிக் கீழே குனிந்துகொண்டேன். அறுபத்து மூன்று வயதுப் பொம்பளை, களவாணி மாதிரி ஸ்டியரிங்குக்குக் கீழே தலையை ஒளித்துக்கொண்டேன். அவள் எத்தனை தடவை கூப்பிட்டாள் என்று எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. நாலு தடவை. பிறகு கதவு சாத்துகிற சத்தம் கேட்டது. நான் வண்டியை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டேன்.

மறுநாள் காலை ஏழரைக்கெல்லாம் லவோன் வந்து நின்றாள். பள்ளிக்கூடத்துக்குப் போகிற வழி. மேஜையில் என் வீட்டுக்காரர் வில்மர் முட்டை சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அவள் முகம் வீங்கியிருந்தது. வந்தவள் உட்காரவில்லை.

"அஞ்சு பேருதான்டி ஆச்சு" என்றாள். "ஹால்வர்சன் ரெண்டு தடவை எண்ணினாரு. அவ பாத்ரூமுக்குப் போயிருக்கா, வந்துடுவா, பொறுங்கன்னு கெஞ்சினேன். அஞ்சு நிமிஷம் பொறுத்தாரு, நல்ல மனுஷன். அப்பறம் சட்டம்னா சட்டம்தான்னுட்டாரு. மூலை கலைஞ்சுடுச்சு. டேரல்கிட்டகூடப் போய்க் கேட்டேன், வந்து நில்லுடான்னு. அவன் கோடீஸ்வரி மூலைக்குப் போயிட்டான், அங்க பிஸ்கெட் இருந்துச்சாம்." என் பக்கம் திரும்பினாள். "எங்கடி போனே?"

கேட்டுவிட்டாள். ஒரே கேள்வி. உண்மையைச் சொல்லியிருக்கலாம். திட்டியிருப்பாள், ஒரு மாதம் பேசாமல் இருந்திருப்பாள், அத்தோடு போயிருக்கும். என் வாயிலிருந்து வந்தது வேறு.

"கிடேரி கன்னு போட ஆரம்பிச்சிடுச்சு, தலையீத்து. வில்மர் போன் பண்ணினாரு. உன்கிட்ட சொல்லக்கூட நேரமில்லடி, அப்படியே ஓடி வந்துட்டேன்."

வில்மர் கரண்டியைக் கீழே வைத்தார். அந்த வருஷம் எங்கள் கிடேரிகள் ஈன இன்னும் மூன்று வாரம் இருந்தது. என்னை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. தொப்பியை எடுத்து மாட்டிக்கொண்டு, பாதித் தட்டை அப்படியே விட்டுவிட்டு, வெளியே போய்விட்டார்.

லவோனின் முகம் மாறியது. கோபமாவது மண்ணாவது, அப்படியே இளகிவிட்டது.

"அட, கன்னா? என்ன கன்னு? எங்கே, வா, பாத்துட்டுப் போறேன்."

கொட்டகையில் என்ன இருக்கிறது காட்ட? பொய்க்குக் கால் ஒட்ட வைக்க இன்னொரு பொய் வேண்டியிருந்தது.

"தங்கலைடி" என்றேன். "திரும்பிக் கெடந்துச்சு. இழுத்துப் பாத்தோம், போயிடுச்சு. பின்னால கிடத்தி வெச்சிருக்கு. நீ பாக்க வேணாம்."

அந்தப் பொய் அவளிடம் எங்கே போய்த் தைக்கும் என்று சொல்லி முடித்த பிறகுதான் உறைத்தது. அவள் கண் நிறைந்துவிட்டது. இரண்டு எட்டில் வந்து என்னைக் கட்டிக்கொண்டாள். அவள் கோட்டில் பனி இருந்தது, என் கன்னத்தில் சில்லென்று பட்டது.

"நீ பக்கத்துல இருந்தியா?"

"இருந்தேன்."

"அது போதும்டி. அதுதான் வேணும். ஜெனெலுக்கு நடந்த அன்னைக்கு நான் அந்தக் கூடத்துல தட்டு கழுவிக்கிட்டிருந்தேன். உயிரு வர நேரத்துல பக்கத்துல ஆளு இருக்கணும், அது மாடா இருந்தா என்ன, மனுஷியா இருந்தா என்ன? நீ ஓடினதுதான் சரி. மாவட்டக் கூட்டம் நாலு வருஷம் கழிச்சு மறுபடி வரும்."

நாலு வருஷம். அவள் கைப்பையின் வாயில் மடித்த அந்தத் தாள் எட்டிப் பார்த்தது. இப்போது சொல்லிவிடு, இந்த நிமிஷம் சொல்லிவிடு என்று உள்ளே ஒன்று அடித்துக்கொண்டது.

அவள் என்னை விட்டு விலகி, மூக்கை உறிஞ்சி, தலையைக் குனிந்துகொண்டாள்.

"உன்கிட்ட ஒண்ணு சொல்லணும். சொல்லலைன்னா எனக்கு ஆறாது."

"என்ன?"

"நேத்து உன்னைத் தேடி வெளியில வந்தேன். ஒரு வண்டி மட்டும் இஞ்சின் ஓடிக்கிட்டு நின்னுச்சு, பின்னால புகை. அது உன் வண்டிதான்னு நெனச்சேன்டி. உள்ளே உக்காந்துக்கிட்டே நான் கூப்பிடறதைக் கேட்டுக்கிட்டு வரமாட்டேங்கறேன்னு நெனச்சுட்டேன். ராத்திரி பூரா உன்னைக் கரிச்சுக் கொட்டினேன். உன் வீட்டு வாசப்படி இனி மிதிக்க மாட்டேன்னுகூட ஜெனெல்கிட்ட சொன்னேன். நீ இங்க செத்த கன்னோட உக்காந்திருக்கே, நான் பாவி என்னென்ன நெனச்சுட்டேன் பாரு. அம்பத்தேழு வருஷ சிநேகம். உன்னைப் போய் அப்படி நெனப்பேனா நான்?"

"விடுடி."

"விட மாட்டேன்." என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். "மன்னிச்சேன்னு வாய் திறந்து சொல்லு. அப்பத்தான் நான் வேலைக்குப் போவேன்."

ஏழே முக்கால் ஆகிவிட்டது. எட்டு மணிக்கு அவள் உலை வைக்க வேண்டும். என் கண்ணையே பார்த்துக்கொண்டு காத்திருந்தாள்.

"மன்னிச்சேன்" என்றேன்.