இருபதுக்குப் பதினான்கு

சேர்க்கை அலுவலர் ஹார்ட்விக் இரண்டாம் முறையும் கணக்குப் போட்டார். மறுபடியும் 2.8தான்.

அவருடைய ஜெர்மன் பல்கலைக்கழகத்தில் ஒன்றுதான் உச்சம்; எண் ஏற ஏறத் தரம் இறங்கும். பாலப் பொறியியல் மேற்படிப்புக்கு 2.5ஐத் தாண்டியவர்களைச் சேர்ப்பதில்லை. விண்ணப்பித்திருந்த எனோரா பிரான்சில் படித்தவள். இருபதுக்குப் பதினான்கு வாங்கியிருந்தாள். வெளிநாட்டு மதிப்பெண்ணை மாற்றும் சூத்திரத்தில் இருபதை உச்சமாக வைத்தால் அவளுக்கு இடமில்லை.

கோப்பில் அவள் வரைந்த நடைபாலம் ஒன்று இருந்தது. ஹார்ட்விக்குக் கோப்பை மூட மனம் வரவில்லை. அவளுடைய துறைத்தலைவர் கெர்வெல்லாவைத் தொலைபேசியில் அழைத்தார்.

"பதினாலு நல்ல மார்க்காச்சே," என்றார் கெர்வெல்லா.

"எங்க ஊர்ல அது சுமார்."

"உங்க ஊர்ல அள்ளி விடுவீங்க போல."

"நீங்க இருபது யாருக்குத்தான் போடுவீங்க?"

"கடவுளுக்கு. பத்தொம்பது வாத்தியாருக்கு. மிச்சம்தான் பசங்களுக்கு."

"மிச்சத்துல அதிகபட்சம் எவ்வளவு?"

"பதினாறு. இருபத்தோரு வருஷத்துல ரெண்டே பேர். அதுல ஒருத்தன் இப்ப ரொட்டி சுடுறான்."

"அதை எழுத்துல குடுங்க."

"பதினாறுக்கு மேல ஒருத்தனும் தேறாத காலேஜான்னு சிரிப்பாங்களேய்யா!"

"எழுதலன்னா அந்தப் பொண்ணு வெளிய."

கெர்வெல்லா பெருமூச்சு விட்டார். "முத்திரையும் வேணுமோ?"

"வேணும். முத்திரை இல்லாட்டி எங்காளுங்க உண்மையைக்கூட நம்ப மாட்டாங்க."

மூன்றாம் நாள் கடிதம் வந்தது. ஹார்ட்விக் பதினாறை உச்சமாக வைத்துக் கணக்குப் போட்டார். சரியாக இரண்டு. கோப்பை மேலதிகாரி ஓல்மன் அம்மாளிடம் கொண்டுபோனார்.

"இருபதை மாத்த உங்களுக்கு யாரு அதிகாரம் குடுத்தா, ஹார்ட்விக்?"

"விதியிலயே இருக்கு மேடம். காலேஜ் எழுதிக் குடுத்தா அவங்க உச்சத்தையே எடுத்துக்கலாம். நாமதான் யாரையும் கேட்டதில்ல."

அவள் விதிப் புத்தகத்தை வாங்கிப் படித்தாள். கடிதத்தின் முத்திரையை விரலால் தடவிப் பார்த்தாள். பிறகு எனோராவின் சேர்க்கையில் கையெழுத்திட்டாள்.

ஹார்ட்விக் நகரவில்லை.

"இன்னும் என்ன?"

"போன வருஷம் இதே கணக்குல தள்ளினவங்க, மேடம்."

"எத்தனை பேர்?"

"ஏழு."

அவள் பேனாவை மூடவில்லை.

"கொண்டு வாங்க," என்றாள்.