உலை மேடையில் விசில்

எங்கள் ஊரின் வரலாறு சின்னது. முதலில் தண்டவாளம் வந்தது, பிறகு உருக்காலை வந்தது, ஆலைக்கு ஆள் வேண்டுமென்று நாங்கள் வந்தோம். ஆலையை மூடியதும் உலைக் கூடத்தைக் கழுவி வெள்ளையடித்து அருங்காட்சியகம் ஆக்கினார்கள். வேலை பார்த்த இடத்தையே டிக்கெட் வாங்கிப் பார்க்கும் பாக்கியம் எல்லா ஊருக்கும் வாய்க்காது.

சுவர் முழுக்கப் பலகைகள். ஒன்று என் அப்பாவைப் பற்றியது. 'மழைக்கால வெடிவிபத்து. உலைத் தொழிலாளியின் கவனக்குறைவால் நேர்ந்தது. ஒருவர் பலி.' அந்தத் தொழிலாளியும் அப்பாதான், பலியும் அப்பாதான். பெயர் போடவில்லை. போடாவிட்டாலும் ஊருக்கே தெரியும். திறப்பு விழாவுக்கு முன்பே அம்மா வந்து படித்தாள்.

"கழட்டிப் போடு," என்றாள்.

கழற்றுவது பெரிய வேலையில்லை. மறுநாள் இன்னொன்றை மாட்டுவார்கள். அந்தப் பொய்யைச் சொன்ன வாயே அதைக் கழற்ற வேண்டும் என்று நினைத்தேன்.

உருகிய இரும்புக்குள் கொஞ்சம் தண்ணீர் போனால் போதும், குண்டு மாதிரி வெடிக்கும். அதனால் உலையில் போட வரும் பழைய குழாய்த் துண்டு எதுவானாலும் கவிழ்த்து உதறிவிட்டுத்தான் போடுவோம். எந்தச் சட்டத்திலும் இல்லை, கைப்பழக்கம். இந்த ஊர்க்காரன் வீட்டு வாணலியைக்கூட அப்படித்தான் உதறுவான். விபத்து நடந்த அன்றைய ஷிப்ட் சூப்பர்வைசரின் கழுத்தில் எப்போதும் விசில் தொங்கும்; ஊரில் அவர் பெயரே விசில்தான். விசாரணையில் அவர், "உதறுற வழக்கமெல்லாம் எனக்குத் தெரியாது. அவனாவேதான் ஈரத்த அள்ளிப் போட்டான்," என்றார். கிரேன் ஓட்டிய மாமா, அப்பாவோடு வேலை பார்த்தவர், வேறு மாதிரி சொன்னார். அது எடுபடவில்லை. அடுத்த வருஷமே மேனேஜர் நாற்காலி விசிலுக்கு வந்தது.

திறப்பு விழாவின் சிறப்பு விருந்தினரும் அவர்தான். காட்சிக்கென்று ஒரு சின்ன உலையைச் சூடேற்றியிருந்தார்கள். பக்கத்து ஃபவுண்டரியில் ராத்திரி ஷிப்ட் பார்க்கும் என்னை அதற்குப் போட்டார்கள். காலேஜைப் பாதியில் விட்டவனுக்கு இரும்பையாவது உருக்கத் தெரிகிறதே என்று நினைத்திருப்பார்கள்.

விருந்தினர் ஒரு துண்டு இரும்பை உலையில் போட வேண்டும், அதுதான் திறப்பு. கூட்டம் கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் நின்றது. மேடையில் அவரும் நானும் மட்டும். ஒரு முனை நசுங்கிய குழாய்த் துண்டில் அரை டம்ளர் தண்ணீர் ஊற்றி வைத்திருந்தேன். அதை நிமிர்த்தியபடியே அவர் கையில் கொடுத்தேன்.

"எங்கயோ பாத்த மூஞ்சியா இருக்கே. யாருப்பா நீ?"

"உலைக்காரர் மகன் சார். போடுங்க."

போட்டிருந்தால் நானும் சேர்ந்துதான் போயிருப்பேன். அதையும் யோசித்துவிட்டுத்தான் அங்கே நின்றேன்.

அவர் போடவில்லை. கை தானாகக் குழாயைக் கவிழ்த்து உதறியது. தண்ணீர் அவருடைய பளபளப்பான ஷூவின் மேல் கொட்டியது.

"எதுக்கு சார் கவுத்தீங்க?"

"ஈரம் இருந்தா வெடிக்கும்டா, மடையா."

"உதறுற வழக்கமே தெரியாதுன்னீங்களே."

அவர் படிக்கட்டைப் பார்த்தார். நான் அதை மறித்து நின்றேன். உலைச் சூட்டில் அவர் நெற்றியில் வியர்வை வழிந்தது.

"வழிய விடு தம்பி."

"எங்கப்பா அன்னிக்கு என்ன சொன்னாரு? சொல்லிட்டு இறங்குங்க."

தடுப்புக்குப் பின்னாலிருந்து கிரேன் மாமா கத்தினார். "என்ன விசிலு, சத்தத்தையே காணோம்?"

யாரோ சிரித்தார்கள். விசில் குழாயைக் கீழே போட்டார்.

"காயட்டும் சார்னான். லாரி நிக்குது, போடுடான்னேன்."

என்னிடம் மட்டும் சொல்வதாக நினைத்து மெதுவாகத்தான் சொன்னார். விழாப் பேச்சுக்கென்று அவர் சட்டைக் காலரில் குத்தியிருந்த மைக் அதைக் கூடம் முழுக்கக் கொண்டுபோனது. முன்வரிசையில் அவர் பேரப்பிள்ளைகள் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். பார்க்கட்டும். என் அப்பாவைப் பற்றிப் பள்ளிக்கூடத்தில் பேசிச் சிரித்தபோது எனக்கும் அந்த வயதுதான்.

விழாக்காரர் ஒருவர் மைக்கை நிறுத்த ஓடினார். மாமா காலைக் குறுக்கே நீட்டி அவரை நிற்க வைத்தார். அம்மா கூட்டத்தை விலக்கிக்கொண்டு தடுப்பருகே வந்தாள். அழப்போகிறாள் என்று நினைத்தேன்.

"பின்னாடி நிக்கறவங்களுக்குச் சரியாக் கேக்கலயாம்," என்றாள். "இன்னொரு தடவ சொல்லச் சொல்லு."

சொல்லவைத்தேன்.