யாரும் அழுத்தாத பொத்தான்

திரையில் எல்லாம் பச்சையாக இருந்தது. பன்யுவைப் பயமுறுத்தியதே அந்தப் பச்சைதான். அவர்களுடைய உணவு டெலிவரி செயலி அன்று காலையில்தான் வெளியாகியிருந்தது. பெயர் தெகோ. ஜாவா மொழியில் 'வந்தாச்சு' என்று பொருள். மதியம் ஆகியும், இபு துகினியின் (இபு என்றால் அம்மா) சோற்றுக்கடையிலிருந்து வெகு நேரமாக எதுவும் எங்கேயும் வந்தபாடில்லை. ஆனால் அந்தக் கடைக்குப் போன ஆர்டர்கள் அத்தனைக்கும் கடை சம்மதம் சொல்லியிருந்தது. ஒன்றுகூட விடவில்லை. புது ஆர்டர் ஒன்று மஞ்சளாகத் துடிக்கும், நாலு நொடியில் பச்சையாகிவிடும். வீட்டுக்கு வந்த விருந்தாளியை வாசலில் நிற்கவைக்கக் கூடாது என்பது போல அவ்வளவு பதவிசாகப் பச்சையாகும்.

பல்கலைக்கழகத்தின் புத்தாக்க மையத்தில் பன்யுவும் மாருலியும் உட்கார்ந்திருந்தார்கள். போன வருடம் வரை அது சைக்கிள் கொட்டகை. கூரை அப்படியே இருந்தது. பெயர்ப் பலகையை மட்டும் புத்தாக்கம் செய்திருந்தார்கள்.

"டேய், அந்தம்மாகிட்ட சோறு இருக்கா இல்லையா?" என்றான் மாருலி. செயலியின் நிரல் முழுவதையும் எழுதியவன் அவன்தான். மேடானிலிருந்து ஜாவாவில் இருக்கும் சோலோவுக்குப் படிக்க வந்த, பாத்தாக் இனத்துப் பையன். காதலைச் சொன்னாலும் சண்டைக்கு வருகிறான் என்றுதான் கேட்பவர்களுக்குத் தோன்றும்.

"இருக்காதுன்னு நெனைக்கிறேன்."

"அப்புறம் ஏன்டா சரி சரின்னு அமுக்குறாங்க? பக்கத்துலயே செவப்பு பட்டன் இருக்குல்ல? உங்க ஊர்ல 'இல்ல'ங்கிற வார்த்தையே கெடையாதா?"

"இருக்கு. ஆனா யாரும் எடுத்துப் பொழங்கறதில்ல."

"எங்க ஊர்ல போய்க் கேட்டுப் பாரு. 'கண்ணு அவிஞ்சு போச்சா, சட்டி காலின்னு தெரியல?'ம்பான். அவன நம்பித்தான்டா நான் அந்தப் பட்டன வெச்சேன்."

சோதனை ஓட்டத்தின்போது, ஐந்து நிமிடத்துக்குள் கடை பதில் சொல்லாவிட்டால் ஆர்டர் தானாகவே ரத்தாகும்படி மாருலி செய்து வைத்திருந்தான். முகத்துக்கு நேரே கதவைச் சாத்துகிற மாதிரி இருக்கிறது என்று அதை எடுக்கச் சொன்னவன் பன்யு. பிறகு, கடைகள் ஆர்டர்களை ஏற்கும் விகிதம் நூற்றுக்கு நூறு என்று ஒரு படம் வரைந்து, துணை டீன் ஹெர்லம்பாங்கிடம் காட்டியவனும் அவன்தான். ஜகார்த்தாவில்கூட இப்படிக் கிடையாது என்று அவர் பூரித்துப்போய், அதைத் தன் அறைச் சுவரில் ஒட்டிக்கொண்டார். சோலோவில் பிறந்து வளர்ந்த ஒருவன், சோலோக்காரர்கள் எல்லாவற்றுக்கும் தலையாட்டுகிறார்கள் என்பதை ஒரு சாதனையாக எடுத்துக்கொண்டதுதான் இதில் விசேஷம்.

"இப்ப கேளு," மாருலி நாற்காலியை இழுத்துப் போட்டான். "எல்லாத்தையும் நாமளே ரத்து பண்ணணும். காரணம் கேக்கும். 'கடை மறுத்தது', இல்லன்னா 'செயலிக் கோளாறு'. ரெண்டுல ஒண்ண அமுக்கணும். ரெண்டாவத அமுக்கினா என்ன ஆகும்னு உனக்கே தெரியும்."

தெரியும். முதல் நாளிலேயே செயலியின் தவறால் இத்தனை பேர் பட்டினி கிடந்தார்கள் என்று பதிவானால் வளாக அனுமதி போய்விடும். அந்த அனுமதிக்கு வரிசையில் அடுத்து நிற்பது அழுக்குத் துணி எடுத்துப்போகும் செயலி. அந்தக் குழு வாசலுக்கு வெளியே இப்போதே மடிக்கணினிகளோடு உட்கார்ந்திருந்தது, துக்கம் விசாரிக்க வந்தவர்களின் முகத்தோடு. மாருலி தெகோவுக்காக ஒரு வருடப் படிப்பை நிறுத்திவைத்திருந்தான். ஊரில் அவன் அப்பாவுக்கு அது இன்னும் தெரியாது.

முதலாவதை அமுக்கினால் செயலிக்குச் சேதமில்லை. இபு துகினியின் கடைப் பெயருக்குப் பக்கத்தில் மட்டும் ஒரு சிவப்புக் குறி விழும். 'நம்பகமில்லாத கடை' என்று வளாகம் முழுக்கத் தெரியும். அந்த வாசகத்தையும் பன்யுதான் எழுதினான். நன்றாக இருக்கிறது என்று எல்லோரும் சொன்னார்கள்.

"அவங்க கையாலயே அமுக்கச் சொல்றேன்," என்று பன்யு எழுந்தான். "நாம அமுக்கினா துரோகம் மாதிரி இருக்கும்."

"அவங்கள அமுக்க வெச்சா மட்டும் என்னவாம், தர்மமா? போ. மூணு மணிக்குத் துணை டீன் வர்றார். அதுக்குள்ள முடி."

சந்துக்குள் நுழைந்ததும் பன்யுவின் கால் தயங்கியது. கடை முன்னால் டெலிவரிப் பையன்கள் கூட்டமாக நின்றார்கள். தெகோ என்று எழுதிய ஆரஞ்சு நிறச் சட்டை ஒவ்வொருவர் மேலும் வெயிலில் பளிச்சென்றிருந்தது. 'வந்தாச்சு, வந்தாச்சு' என்று அத்தனை முதுகுகளும் சொல்லிக்கொண்டு நின்றன. ஒருவரும் சத்தம் போடவில்லை, எப்போது ஆகும் என்று கேட்கவுமில்லை. ஒருவர் கடையின் வெற்றிலைக் கொடியைப் பாராட்டினார். இன்னொருவர், தனக்கு அவசரமே இல்லை என்று யாரும் கேட்காமலே சொன்னார். அவருடைய கைபேசியில் வாடிக்கையாளர் விடாமல் அழைத்துக்கொண்டிருந்தார்.

"யாருக்கு மொதல்ல?" என்று பின்னாலிருந்து ஒரு குரல் மட்டும் மெதுவாகக் கேட்டது.

"நீங்க எடுத்துக்குங்கண்ணே."

"அய்யய்யோ, நீங்கதான மொதல்ல வந்தீங்க."

எடுத்துக்கொள்ள எதுவும் இல்லை. தேங்காய்ப்பால் சோற்றுப் பானை கவிழ்த்து வைத்திருந்தது. சௌசௌ குழம்புச் சட்டியில் ஒரு கரண்டி மிச்சம், அதன் மேல் ஒற்றை மிளகாய். பெஞ்சை ஒட்டிய அடுப்பில் புதிதாக ஏற்றிய அரிசி இன்னும் கொதிக்கவே தொடங்கவில்லை. அடுப்பும் ஒன்றுதான். இபு துகினி தேங்காய் துருவிக்கொண்டிருந்தார். கைபேசி டிங் என்றது. அவர் சுண்டு விரலை முந்தானையில் துடைத்து, பச்சையைத் தொட்டு, மறுபடி துருவப் போனார்.

"வாங்க தம்பி! உக்காருங்க, உக்காருங்க. சாப்பிட்டீங்களா? சோறு..." என்று பானையைப் பார்த்தவர், "டீ போடறேன்," என்றார்.

"வேணாம் இபு, சிரமப்படாதீங்க."

அவன் அப்படிச் சொல்வான் என்று அவருக்குத் தெரியும். சொன்ன பிறகும் டீ வரும் என்று அவனுக்கும் தெரியும். மல்லிகை வாசத்தோடு வந்தது. பன்யு பெஞ்சின் நுனியில் உட்கார்ந்து, எங்கிருந்து தொடங்குவது என்று யோசித்தான்.

"இன்னைக்கு வெயில் ஜாஸ்தி, இல்ல இபு?"

"ஆமா தம்பி. அடுப்புகூட மெதுவாத்தான் எரியுது."

"ஆர்டரும் ஜாஸ்தி."

"எல்லாம் உங்க புண்ணியம்."

டிங். சுண்டு விரல். பச்சை. பன்யுவின் பாக்கெட்டில் கைபேசி அதிர்ந்தது. மாருலி. 'அமுக்கிட்டாங்களா?' என்று செய்தி. 'ஆமா, இதோ' என்று தட்டி அனுப்பினான். அனுப்பிய பிறகுதான், அந்த இரண்டு சொற்களில் ஒன்றுகூட உண்மையில்லை என்பது உறைத்தது.

"சில பேர் என்ன பண்றாங்கன்னா," என்று ஆரம்பித்தான், "சோறு தீந்துடுச்சுன்னா, அந்தப் பக்கத்துல இருக்கிற... இன்னொரு பட்டன்..."

"அதுவா?" இபு துகினி கைபேசியை எடுத்துக் காட்டினார். திரையின் சிவப்புப் பாதியின் மேல் காயத்துக்குப் போடும் பிளாஸ்திரி ஒன்று நேர்த்தியாக ஒட்டியிருந்தது. ஓரங்களை நகத்தால் நீவி நீவி ஒட்டியிருக்கிறார். "கை தவறிக்கூட பட்டுடக் கூடாதுல்ல. பசியோட கேக்கற புள்ளைங்க. மூஞ்சியக்கூட பாக்காம இல்லன்னு சொல்லலாமா? கொஞ்சம் பொறுத்துக்குவாங்கன்னு நெனச்சேன்."

பையன்களில் இருவர் கேட்காத மாதிரி வெற்றிலைக் கொடியை ஆராய்ந்தார்கள். அந்தக் கொடியை அவ்வளவு கவனமாக இதுவரை யாரும் பார்த்திருக்க மாட்டார்கள்.

பன்யு டீயைக் குடித்தான். சுட்டது. அதையும் சொல்லவில்லை.

அவர் துருவலை நிறுத்திவிட்டு அவன் முகத்தைப் பார்த்தார். "தம்பி, நான் அத அமுக்கணும்னு சொல்றதுக்கா வந்தீங்க?"

"சே சே, இல்ல இபு. சும்மா, இந்தப் பக்கம் வந்தேன்..."

"அமுக்கினா என்ன ஆகும்?"

காற்று துளியும் இல்லை. அவன் சொன்னான். சுற்றி வளைத்து, மூன்று முறை மன்னிப்புக் கேட்டுச் சொன்னான். சிவப்புக் குறியைச் சின்னப் புள்ளி மாதிரிதான் என்றான். அதன் பக்கத்தில் வரும் வாசகத்தைச் சொல்லாமல் விடப் பார்த்தான். அவர் விடவில்லை.

"நம்பகமில்லாத கடை," என்று அவர் மெதுவாகத் திருப்பிச் சொன்னார். "யார் யார் பாப்பாங்க?"

"கேம்பஸ்ல எல்லாரும்."

"அமுக்கலன்னா?"

"எங்க ஆப்ப மூடிடுவாங்க."

இபு துகினி சிரித்தார். அந்த ஊரில் கால் விரலைக் கதவிடுக்கில் நசுக்கிக்கொண்டாலும் முதலில் வருகிற சிரிப்பு. "படிக்கிற புள்ளைங்க. உங்களுக்கு வேணும்னா அமுக்கிட்டாப் போச்சு. அதுக்கென்ன தம்பி."

பிளாஸ்திரியின் ஓரத்தில் நகத்தை வைத்தார். வரவில்லை. தேங்காய்ப்பால் பட்ட விரல் வழுக்கியது. முந்தானையில் துடைத்துவிட்டு மறுபடி வைத்தார். நன்றாக ஒட்டியிருக்கிறது பாருங்கள் என்று அவனிடம் மன்னிப்புக் கேட்கிற குரலில் சொன்னார். பன்யு அந்த நகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். அவர் சம்மதித்துவிட்டார். காலையிலிருந்து ஆர்டர் போட்ட அத்தனை பேருக்கும் சம்மதித்தது போலவே, அவனுக்கும். மாருலி சிவப்புப் பொத்தானை வைத்தது மேடான்காரனை நம்பி. இவன் இங்கே வந்து உட்கார்ந்திருப்பது அந்தப் பொத்தானைத் தொடத் தெரியாத ஒருவரை நம்பி. பிளாஸ்திரியின் ஒரு மூலை எழும்பியது.

"இபு, வேணாம்."

"ஒரு நிமிஷம் தம்பி, வந்துடுச்சு..."

"வேணாங்கறேன்ல!"

சத்தமாகவே வந்துவிட்டது. பையன்கள் எல்லோரும் திரும்பினார்கள். இபு துகினியின் கை அப்படியே நின்றது. பன்யுவுக்குக் காது மடல் சுட்டது. தன் கைபேசியை எடுத்து நிர்வாகப் பக்கத்தைத் திறந்தான். எல்லா ஆர்டர்களையும் தேர்ந்தெடுத்தான். காரணம் கேட்டது. இரண்டாவதை அழுத்தினான். உறுதியாகவா என்று மறுபடி கேட்டது. அந்தக் கேள்வியை வைத்தது மாருலி. தன்னிடம் இல்லாத ஒரே மரியாதையை நிரலுக்குக் கொடுத்திருந்தான். பன்யு அதையும் அழுத்தினான்.

சந்து முழுக்க ஒரே நேரத்தில் கைபேசிகள் கிணுகிணுத்தன. பையன்கள் குனிந்து படித்தார்கள். நிமிர்ந்து அவனைப் பார்த்தார்கள்.

"சோறு இல்லண்ணே," என்றான் பன்யு. "தப்பு எங்க மேல. கெளம்புங்க."

யாரும் நகரவில்லை. முதல் முறை சொல்வது உபசாரம் என்று எடுத்துக்கொண்டார்கள்.

"நெஜமாவே இல்ல."

முன்னால் நின்றவர் ஹெல்மெட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, "பரவால்ல தம்பி, நாங்க ரொம்ப நேரம்லாம் நிக்கல," என்றார். பிறகு இபு துகினியைப் பார்த்து லேசாகக் குனிந்து விடைபெற்றார். அந்தச் சந்தில் எஞ்சினை அணைத்துவிட்டுத்தான் வண்டியைத் தள்ளிக்கொண்டு போக வேண்டும். ஒருவர் பின் ஒருவராகத் தள்ளினார்கள். சக்கரங்கள் சிமெண்ட் தரையில் டிக்டிக் என்று உருண்டன. கடையைத் தாண்டும்போது ஒவ்வொருவரும் தலையைத் தாழ்த்தி, வருகிறோம் என்று சொல்லிவிட்டுப் போனார்கள். ஆரஞ்சு முதுகுகள் வளைவில் திரும்பி மறைந்துகொண்டே இருந்தன.

பெஞ்சின் மேல் பன்யு வைத்த கைபேசி அதிரத் தொடங்கியது. திரையில் மாருலியின் பெயர். நின்றது, மறுபடி அதிர்ந்தது. ஒவ்வொரு அதிர்வுக்கும் பலகை மேல் துளித்துளியாக நகர்ந்து விளிம்பை நோக்கிப் போனது. பன்யு கையை நீட்டவில்லை. 'இல்ல' என்ற அந்தச் சொல்லை வாயில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தான். பாதிக் கைபேசி விளிம்புக்கு வெளியே வந்தபோது, இபு துகினி அரிசியைக் கிளறிக்கொண்டே, திரும்பிப் பார்க்காமல், ஈரமான இடது கையை எட்டி அதன் மேல் வைத்தார். அது அவர் உள்ளங்கைக்குக் கீழே அதிர்ந்துகொண்டே இருந்தது.