பேசினுக்கு அடியில் ஒரு வாளி

விடியுமுன்பே வெயிலம்மாள் ஐ.சி.யூ. தரையைத் துடைக்கத் தொடங்கிவிடுவாள். குனிந்து குனிந்து இடுப்பு விட்டுப்போகும். பினாயில் நெடியில் கண் எரியும்.

கோவில்பட்டியே தண்ணீருக்கு அல்லாடிய கோடை அது. வாஷ்பேசினின் கழிவுக் குழாய் உடைந்து ஒழுகியபோது அடியில் வாளியை வைத்தவள் அவள்தான். டாக்டரும் நர்சும் கைகழுவிய தண்ணீர், சோப்பு வேறு கலந்திருந்தது. கரிசல்காட்டில் பிறந்தவளுக்கு அதைக் கீழே கொட்ட மனம் வரவில்லை. பினாயில் ஊற்றி அதிலேயே துடைத்தாள். மற்றப் பெண்களும் அப்படியே செய்தார்கள். லாரித் தண்ணீர் மிச்சமாகிறதென்று ஆஸ்பத்திரி முதலாளி நவநீதகிருஷ்ணன் மெச்சினார். குழாயை மட்டும் மாற்றவில்லை.

தீப்பெட்டி ஆபீஸ் தீயில் வெந்துபோன வள்ளிமயில் அந்த ஐ.சி.யூ.வில்தான் கிடந்தாள். தேறிவந்து, வாய்விட்டுக் கஞ்சி கேட்ட பிள்ளை. திடீரென்று காய்ச்சல் கண்டு மூச்சுக்கே மெஷின் வைக்கும்படி ஆயிற்று. அவள் இரத்தத்தில் இருந்த கிருமியே பேசின் குழாய்ச் சகதியிலும் வாளியிலும் இருந்ததென்று பரிசோதனையில் தெரிந்தது.

நர்ஸ் சுகுணா வந்து அதை வெயிலம்மாளிடம் சொன்னாள். தன் கையாலேயே அந்தப் பிள்ளையின் கட்டிலைச் சுற்றி நோயைப் பூசியிருக்கிறாள். பாவி, பாவி என்று தலையில் அடித்துக்கொண்டாள்.

நவநீதகிருஷ்ணன் எல்லாரையும் கூப்பிட்டு, வெயிலம்மாளைப் பார்த்துச் சொன்னார்.

“ஒன்னால ஆஸ்பத்திரி பேரே கெட்டுப்போச்சு. நாளையிலருந்து வராத.”

“வரலை அண்ணாச்சி. நான்தான் அந்தப் புள்ளைய இந்தக் கதிக்கு ஆக்கிட்டேன்” என்று வெயிலம்மாள் வாசலுக்குத் திரும்பினாள்.

கூட வேலை பார்க்கும் அழகுத்தாய் அவள் கையைப் பிடித்தாள். “நில்லுங்க மதினி. நானும் அந்த வாளியிலதான முக்கினேன்?”

“நானுந்தான்” என்றாள் சத்தியபாமா.

சுகுணாவும் முன்னால் வந்தாள். “தெனமும் பாத்துக்கிட்டேதான் இருந்தேன். ஒரு வார்த்தை சொல்லலையே.”

“எல்லாரும் சேந்து மெரட்டுதியளோ?” என்றார் முதலாளி.

“தப்ப ஒத்துக்கிடுதோம் அண்ணாச்சி” என்றாள் அழகுத்தாய். “கொழாய மாத்தணும்னு கேட்டப்ப, அதான் வாளி இருக்கேன்னு சொன்னது யாரு? ஒங்க பங்க நீங்க ஒத்துக்கிடுங்க. புதுக் கொழாய் போடுங்க, நல்ல தண்ணி தாங்க. மதினிய அனுப்புனா எங்க எல்லாரையும் அனுப்பணும்.”

அவர் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

சத்தியபாமா பேசினின் தண்ணீர்க் குழாயைத் திறக்க முடியாதபடி துணியால் கட்டினாள். நல்லவேளை, தெருக்குழாயில் அன்று தண்ணீர் வந்தது. ஐ.சி.யூ.வை நல்ல தண்ணீரில் துடைக்க, வேலை முடிந்த பெண்களும் வீட்டுக்குப் போகாமல் குடத்தோடு வரிசையில் நின்றார்கள்.

வள்ளிமயிலுக்குக் காய்ச்சல் இறங்கவில்லை. முதல் குடத்தைச் சுமந்துவந்த வெயிலம்மாளை வாட்ச்மேன் சிவனாண்டி வாசலில் மறித்தார்.

“ஒன்னைய விடக்கூடாதுன்னு உத்தரவும்மா.”

“வேலைக்கு வரலைண்ணே. புள்ளைக்குத் தண்ணி கொண்டாந்திருக்கேன்.”

அவர் அவளுக்குப் பின்னால் வந்துகொண்டிருந்த குடங்களைப் பார்த்தார்.

“கொண்டா, மாடிப்படி ஏற நான் தூக்கியாறேன்” என்று குடத்தை வாங்கித் தோளில் வைத்துக்கொண்டார்.