ரயில் போகட்டும்

"எத்தனை தடவை மாமா அந்த ஒரே வரிய அடிப்பீங்க? பேப்பரே கிழிஞ்சிடும்" என்று ஜெரூஷா தாளை வாங்கப் போனாள். லாசரஸ் கொடுக்கவில்லை.

மூன்று மணிக்கு ஆயர் வந்துவிடுவார். பந்தலில் நாற்காலி போட்டாகிவிட்டது. ஃப்ரீசர் பெட்டிக்குள் சாராள் டீச்சரும் தயார். பாக்கி வாழ்க்கைக் குறிப்பு ஒன்றுதான். கிறிஸ்தவர் வீட்டுச் சாவில் நெருங்கிய சொந்தம் ஒருவர் அதை எழுந்து நின்று வாசிக்காமல் பெட்டி கிளம்பாது. பிறந்தது, படித்தது, வேலை பார்த்தது, சபைக்கு உழைத்தது எல்லாம் அதில் வரும். உயிரோடு இருந்தபோது எவ்வளவு பெரிய சண்டைக்காரராக இருந்தாலும் அந்தத் தாளில் சாந்த சொரூபிதான். இரும்புலியூரில் இதுவரை கெட்டவர் ஒருத்தரும் செத்ததாக வாசித்துக் கேட்டதில்லை.

சாராள் விஷயத்தில் பொய் சேர்க்கத் தேவையில்லை. தம்பி லாசரஸுக்குச் சிக்கலே அதுதான். அவர் அடித்து அடித்து மறுபடி எழுதிய வரி இவ்வளவுதான்: "1987 முதல் 1992 வரை லாரா ஆடியோவுக்காக இருநூறு பாடல்களுக்கு மேல் பாடினார்."

ஜெரூஷா அவர் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்துப் படித்துவிட்டாள்.

"யாரு, அம்மாவா? அம்மா சர்ச்சுலகூட வாய மட்டும்தானே அசைப்பாங்க. எனக்குத் தாலாட்டுகூட பாடினதில்ல. லாரா ஆடியோன்னா என்ன மாமா?"

"ஒண்ணுமில்லம்மா. வேற எதையோ நெனச்சு எழுதிட்டேன்."

சொல்லிவிட்டு, அழுத்தி இன்னொரு கோடு போட்டார். பெற்ற மகளுக்கே தெரியாது. ஆனால் எங்கள் தெருவுக்குத் தெரியும். தெருவுக்குத் தெரியாதது என்ன இருக்கிறது?

இந்த வீட்டின் பின்னறையில்தான் லாசரஸ் அன்று கேசட் கம்பெனி நடத்தினார். லாசரஸில் லா, சாராளில் ரா, ஆக லாரா ஆடியோ. வெள்ளிக்கிழமை படம் வந்து பாட்டு பிடித்துக்கொண்டால், அடுத்த வெள்ளிக்குள் அதே பாட்டுகளை வேறு ஆட்கள் பாடிய லாரா கேசட் தாம்பரம் பஸ் ஸ்டாண்டில் தொங்கும். அசலுக்குப் பாதி விலை. அட்டையில் கதாநாயகி சிரிப்பாள். ஓரத்தில் கடுகை உடைத்துப் போட்ட மாதிரி இரண்டே சொல்: 'மாற்றுக் குரல்கள்'. யாருடைய குரல்கள் என்று இருக்காது. பெயரைப் போட்டால் எவன் வாங்குவான்? மற்ற கம்பெனி கேசட் வாங்கியவர்கள், பாடகிக்குச் சளி பிடித்திருக்கிறது போல என்று நினைத்துக்கொள்வார்கள். லாராவில் அந்தப் பேச்சே வந்ததில்லை. அசல் பாடகி மூச்சு வாங்குகிற இடத்தில்தான் சாராளும் மூச்சு வாங்குவாள்.

ஒரே தொந்தரவு, ரயில். பின்னறையிலிருந்து கல்லெறிந்தால் தண்டவாளத்தில் விழும். சுவரெல்லாம் பழைய மெத்தையைக் கட்டித் தொங்கவிட்டும் பயனில்லை. ரயில் வரும்போது லாசரஸ் கையைத் தூக்குவார். "ரயில் போகட்டும்." தபேலாக்காரர் அப்படியே சிலையாவார். சத்தம் அடங்கியதும் கை மெல்ல இறங்கும். ஆள்காட்டி விரல் அக்காவை நோக்கி நீளும். அவள் ஆரம்பிப்பாள்.

ஒரு நாள் ஒரு கூட்ஸ் வண்டி நேரங்கெட்ட நேரத்தில் வந்து, காதல் பாட்டின் இரண்டாம் சரணத்தில் ஹாரன் அடித்துவிட்டது. திரும்ப எடுக்க டேப் இல்லை. ஹாரனோடேயே விற்றார். நன்றாகத்தான் விற்றது.

அதில் ஒன்று சபைச் செயலர் சாலமோன் சார் கைக்கும் போய்ச் சேர்ந்தது. காதல் பாட்டுக் கேசட் அவர் கைக்கு எப்படிப் போனது என்று அன்றைக்கு யாரும் கேட்கவில்லை. கமிட்டிக் கூட்டத்தில் மேஜை மேல் டேப்ரெக்கார்டரை வைத்துப் போட்டுக் காட்டினார். "இது நம்ம ஊர் ரயில்வே கேட் ஹாரன். பாடுறது நம்ம பாடகர் குழு சாராளா? தம்பி, நீங்களே சொல்லுங்க."

சினிமாக் கேசட் விற்பது வியாபாரம், பாடுவது பாவம். கமிட்டியின் நியாயம் அப்படி. தம்பி அப்போதுதான் கமிட்டிக்குள் நுழைந்திருந்தார். அடுத்த வாரம் பொருளாளர் தேர்தல். கூட்டத்துக்கு வரும் வழியெல்லாம் அக்கா சொல்லிக்கொண்டுதான் வந்தாள்: "கேட்டா ஆமான்னு சொல்லிடு லாசர். குழுவ விட்டு எடுத்தா எடுக்கட்டும். நான் பாடினத நான்தான்னு சொல்லிக்கிறேனே."

பாட்டுப் புத்தகங்களை அணைத்துக்கொண்டு வாசற்படியில் நின்றிருந்தாள். அவள் வாயைத் திறப்பதற்குள் தம்பி முந்திக்கொண்டார். "சேச்சே, அது கோடம்பாக்கத்துப் பொண்ணு சார். எங்க அக்காவுக்கு இவ்வளவு நல்லா பாட வருமா?"

எல்லாரும் சிரித்தார்கள். தம்பி பொருளாளர் ஆனார்.

அன்றோடு அவள் பாட்டு நின்றது. லாராவும் ஆறு மாதத்தில் படுத்தது. லாசரஸ் கூடுவாஞ்சேரியில் மனை விற்கப் போனார். அக்கா ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. ஒவ்வொரு கிறிஸ்துமசுக்கும் அவர் வீட்டுக்கு முறுக்குச் சுட்டு அனுப்பினாள். ஞாயிறுதோறும் அவருக்குப் பின்வரிசையில்தான் உட்காருவாள். சபையே எழுந்து பாடும்போது அவர் முதுகுக்குப் பின்னால் மட்டும் சத்தமிருக்காது. முப்பத்துச் சொச்சம் வருஷம் அதைக் கேட்டுக்கொண்டே அவர் உரக்கப் பாடினார்.

மூன்று மணிக்கு ஆயர் ஜெபித்து முடித்துத் தலையசைத்தார். லாசரஸ் எழுந்தார். முன்வரிசையில் எண்பத்தாறு வயது சாலமோன் சார், காதில் மிஷினோடு. பந்தல் காலைப் பிடித்தபடி பக்கத்து வீட்டுத் தையல்நாயகி. மாலையைப் பெட்டி மேல் சாத்திவிட்டு, போகாமல் நின்றிருந்தாள்.

பிறந்தது, பள்ளிப்படிப்பு, கணக்கு டீச்சர் வேலை, திருமணம், மகள். லாசரஸின் குரல் கமிட்டி அறிக்கை வாசிக்கிற மாதிரி ஓடியது. "சில ஆண்டுகள் சபைப் பாடகர் குழுவிலும் சேவை செய்தார்" என்றார். கோடுகளுக்கு அடியில் கிடந்த வரியைத் தாண்டி, "2018-ல் ஓய்வு பெற்ற பின்..." என்று போனார்.

"அவ்ளோதானா சார்?"

தையல்நாயகிதான். எல்லாத் தலையும் திரும்பியது.

"இன்னா சார், பாடுனத உட்டுட்ட? ஒரே வரிய நாப்பது தபா பாடும், செவுத்துக்கு இந்தாண்ட நான் அரிசி பொடச்சிக்கினே கேப்பேன். என் கல்யாணத்துல மைக் செட்டுல ஓடுனது அது பாட்டுதான். எனக்கே தெரியும், கூடப்பொறந்த ஒனக்குத் தெரியாதா?"

"அக்கா, அப்புறம் பேசலாம்" என்று யாரோ அவள் கையைப் பிடித்தார்கள்.

"கைய உடு. செத்த அன்னிக்கி சொல்லாம எப்ப சொல்றது?"

ஜெரூஷா மாமாவையே பார்த்தாள். காலையில் கேட்ட கேள்வி இன்னும் அவள் முகத்தில் இருந்தது. சாலமோன் சார், "என்ன சொல்றாங்க?" என்று பக்கத்தில் இருந்தவரைக் கேட்டார்.

லாசரஸ் தாளைப் பார்த்தார். அத்தனை கோட்டுக்குப் பிறகு அந்த வரியில் ஓர் எழுத்துகூட மிஞ்சவில்லை. தாளை மடித்தார். தொண்டையைச் செருமினார்.

அந்த நேரம் பார்த்துச் செங்கல்பட்டு வண்டி வந்தது. வீடு அதிர்ந்தது. பெட்டியின் கண்ணாடி மேல் மாலை லேசாக நடுங்கியது. இந்தச் சத்தத்தில் சொல்லிவிட்டால் ஒருத்தருக்கும் கேட்காது. சொன்ன மாதிரியும் ஆகிவிடும். உதடுகூடப் பிரிந்துவிட்டது. ஆனால் கை எழும்பிவிட்டது. உள்ளங்கை விரிந்து, தோளுக்கு மேலே, அப்படியே நின்றது.

பந்தலும் என்னவென்று தெரியாமலே அசையாமல் நின்றது. கடைசிப் பெட்டி போனது. கேட்டுப் பக்கம் ஹாரன் ஒருமுறை அடித்து அடங்கியது.

"லாரா கேசட்டுல பாடினது எங்க அக்கா" என்றார் லாசரஸ். "கோடம்பாக்கத்துப் பொண்ணு யாரும் இல்ல."

"எந்தப் பொண்ணு?" என்று சாலமோன் சார் காது மிஷினைத் திருகினார்.

தூக்கிய கை இன்னும் மேலேயே இருந்தது. லாசரஸுக்கு அப்போதுதான் அது தெரிந்தது போல. மெல்ல இறக்கினார். இறங்கும்போது ஆள்காட்டி விரல் தானாகப் பிரிந்து பெட்டியை நோக்கி நீண்டது.

அப்படியே நின்று, கண்ணாடிக்குள் அந்த உதடுகளையே பார்த்துக்கொண்டிருந்தார்.